வண்டியின் மூச்சும் சங்கத்தின் பணமும்

சங்கங்களின் பொதுக்குழுக் கூட்டங்களில் நூல் விலை பேசப்படுகிறது, விதையும் உரமும் பேசப்படுகின்றன, பங்காதாயம் பேசப்படுகிறது. சங்கத்துக்குச் சொந்தமான டீசல் பிக்கப் வண்டிக்கு எந்தக் காற்று வடிகட்டி வாங்குவது என்பதைப் பற்றி எவரும் எழுந்து பேசியதாக நாம் கேட்டதில்லை. சில நூறு ரூபாய்ச் சாமான். காரியதரிசியோ வண்டியோட்டியோ பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிட்டதனால் வரும் நஷ்டத்தை நாமே அனுபவித்திருக்கிறோம் ஆகையால், இவ்விஷயத்தை இம்மாதம் அங்கத்தினர்கள் முன் வைப்பது நமது கடமை எனக் கருதுகிறோம்.

நூல் சிப்பத்தைத் தறி வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பதும், நெய்த துணியை விற்பனை நிலையத்துக்கு எடுத்துச் செல்வதும், பருத்தி மூட்டையையும் மஞ்சளையும் காய்கறியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் இன்று பெரும்பாலும் இவ்வண்டிகளே. அறுவடை நாளில் வண்டி நின்றுவிட்டால் வாடகை வண்டி கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியதுதான். ஆகவே வண்டியின் இயந்திரம் நெடுநாள் உழைப்பது வண்டியோட்டியின் கவலை மட்டுமன்று. பங்குத் தொகை கட்டிய ஒவ்வோர் அங்கத்தினரின் கவலையுமாகும்.

டீசல் இயந்திரம் எண்ணெயை மட்டும் உண்பதில்லை. ஒரு லிட்டர் டீசல் முழுவதும் எரிய 12 கிலோவுக்கு மேற்பட்ட காற்று வேண்டும். கன அளவில் அது 10,000 லிட்டருக்குக் குறையாது. டீசல் இயந்திரமோ தேவைக்கு மேலும் காற்றை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. நாளொன்றுக்கு 10 லிட்டர் டீசல் செலவாகும் வண்டி, ஒரு லட்சம் லிட்டருக்கும் மிகுதியான காற்றை உறிஞ்சுகிறது என்று கொள்ளலாம். 20 அடி நீளமும் 16 அடி அகலமும் 11 அடி உயரமும் உள்ள ஒரு தறிக்கூடத்தில் நிறைந்திருக்கும் காற்று ஏறக்குறைய அவ்வளவுதான். அக்காற்று முழுவதும் நாள்தோறும் அச்சிறு வடிகட்டி வழியாகவே உள்ளே செல்ல வேண்டும்.

நமது வண்டிகள் ஓடும் பாதைகளில் அக்காற்று எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வரப்போரத்து வண்டித் தடத்தில் முன்னே ஒரு டிராக்டர் சென்றால் பின்னால் வருபவனுக்குப் பாதையே தெரிவதில்லை. அத்தூசியில் பெரும்பகுதி மண்; அம்மண்ணில் மிகுந்திருப்பது குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்துக்கு மோஸ் என்பவர் வகுத்த அளவில் அதன் எண் 7. சாதாரண இரும்பின் எண் 4 அளவினது. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே நிற்கும் எண்ணெய்ப் படலமோ சில மைக்ரான் கனமே உள்ளது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அப்படலத்தைவிடச் சற்றுப் பெரிய துகள், அதாவது 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள், இரண்டுக்கும் நடுவே புகுந்து உப்புத்தாள் போல் இரு பக்கமும் தேய்க்கிறது. இவ்வளவு சிறு துகளைக் கண் காணாது. கண்ணுக்குத் தெரியும் மணலைத் தடுத்துவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு.

நம் வட்டாரத்துக்கே உரிய மற்றொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். பருத்தி ஏற்றும் களத்திலும், பஞ்சு அரைவை ஆலையின் முற்றத்திலும், தறிக்கூடங்கள் நிறைந்த தெருவிலும் காற்றில் பறப்பது பஞ்சுத் தூசு. இது வடிகட்டியின் மடிப்புகளின் மேல் கம்பளம் போல் படிந்து விரைவில் மூச்சை அடைக்கும். ஆனால் இரும்பைத் தேய்க்காது. மண் தூசியோ மெல்ல அடைக்கும்; ஆனால் உள்ளே சென்றால் இரும்பைத் தின்னும். பஞ்சினால் வரும் கேட்டை வண்டி உடனே சொல்லிவிடுகிறது: இழுவை குறையும், கரும்புகை வரும். மண்ணினால் வரும் கேடு பல மாதம் கழித்தே வெளிப்படுகிறது. முதற்கேட்டுக்கு அஞ்சி, 'காற்று தாராளமாகப் போகும்' வடிகட்டியைத் தேடி, இரண்டாவது கேட்டை விலை கொடுத்து வாங்கிக்கொள்வோர் பலர்.

சந்தையில் கிடைக்கும் வடிகட்டிகளை நால்வகையாகப் பிரிக்கலாம். வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது ஒன்று. வடிகட்டி செய்வதையே தொழிலாகக் கொண்ட பெயர் பெற்ற நிறுவனங்கள் தம் பெயரில் விற்பது இரண்டாவது. ஊர் பேர் தெரியாத மலிவுச் சரக்கு மூன்றாவது. பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே அச்சிட்ட போலியும் இதிலேயே அடங்கும். கழுவி எண்ணெய் பூசித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தத்தக்க பருத்தித் துணி வடிகட்டி நான்காவது.

முதல் வகையைத் தவிர மற்றவை யாவும் 'டூப்ளிகேட்' என்று நம்மிடையே ஒரு பேச்சு இருக்கிறது. அது சரியன்று. வண்டிக் கம்பெனிகள் பெரும்பாலும் வடிகட்டியைத் தாமே செய்வதில்லை. வடிகட்டித் தொழிற்சாலைகளிடமிருந்து வாங்கித் தம் பெட்டியில் இட்டு விற்கின்றன. வெளிச்சந்தையில் நல்ல பாகத்தை வாங்குவது வண்டி உடையவரின் நியாயமான உரிமை. உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 14 கார்க் கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014ஆம் ஆண்டில் 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவ்வழக்கு பின்னர் மேல்முறையீட்டுக்குச் சென்றது என்பது உண்மையே. ஆயினும் வாங்குவோனைத் தம் ஒரே கடைக்குள் அடைத்துவைப்பது முறையன்று என்னும் கொள்கை அதனால் ஊரறிய நிலைநாட்டப்பட்டது. எனவே வெளிச்சந்தையில் வாங்கலாமா என்பது இன்று கேள்வியன்று. எதைப் பார்த்து வாங்குவது என்பதே கேள்வி.

இதற்கு விடை காண நெசவாளர்களுக்கு மெக்கானிக்கின் துணை வேண்டாம் என்பது எமது கருத்து. வடிகட்டியும் ஒருவகைத் துணிதான். நெருங்க நெய்தால் தூசி நிற்கும், காற்றுத் தடைப்படும். இளக நெய்தால் காற்று ஓடும், தூசியும் கூடவே ஓடும். இரண்டையும் ஒருங்கே பெற ஒரே வழி, நெருக்கமான பரப்பை மிகுதியாகக் கொடுப்பது. அதனால்தான் வடிகட்டித் தாளை விசிறி போல் பல மடிப்புகளாக மடிக்கிறார்கள். மலிவுச் சரக்கில் முதலில் குறைக்கப்படுவது இம்மடிப்புகளே. இரண்டையும் பக்கத்தில் வைத்து மடிப்புகளை எண்ணிப் பார்த்தால் ஒரு சிறுவனும் வேறுபாட்டைக் கண்டுகொள்வான். பாவில் இழை குறைத்தவனை ஒரு பார்வையில் பிடித்துவிடும் நாம், வடிகட்டியில் மடிப்பு குறைத்தவனுக்கு மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?

எண்ணியறிய முடியாததை அளந்தறிய ஐ.எஸ்.ஓ. 5011 என்னும் உலகப் பொதுச் சோதனை முறை இருக்கிறது. அளவறிந்த தூசியை அளவறிந்த காற்றோட்டத்தில் செலுத்தி, எவ்வளவு பிடிபட்டது, காற்றுக்கு எவ்வளவு தடை ஏற்பட்டது, அடைபடுமுன் எவ்வளவு தூசியைத் தாங்கிற்று என்னும் மூன்றையும் அச்சோதனை காட்டும். நல்ல தொழிற்சாலையிடம் இவ்வறிக்கை இருக்கும், கேட்டால் கிடைக்கும். கேட்க நாம்தான் துணிவதில்லை.

அறிக்கையில் வரும் சதவிகிதத்தைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஒரு வடிகட்டி 99.5 சதவிகிதம் பிடிக்கிறது, மற்றொன்று 98 சதவிகிதம் பிடிக்கிறது என்றால் ஒன்றரைதானே வித்தியாசம் என்று தோன்றும். பிடிபட்டதைப் பார்க்காமல் தப்பியதைப் பாருங்கள். நூறு கிராம் தூசியில் முன்னது விடுவது அரை கிராம். பின்னது விடுவது இரண்டு கிராம். இயந்திரத்துக்குள் செல்லும் மண் நான்கு மடங்காகிறது. இயந்திரம் தேய்வது தப்பிச் சென்ற தூசியால்தானே அன்றி, பிடிபட்ட தூசியால் அன்று.

இந்த இடத்தில் எண்ணெய் பூசிய பருத்தி வடிகட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் படிக்கும் இதழ் பருத்திக்குப் பரிந்து பேசும் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும் உண்மையைச் சொல்வதே முறை. இவ்வடிகட்டி பந்தய வண்டிகளால் பெயர் பெற்றது. கழுவிக் கழுவிப் பல்லாண்டு பயன்படுத்தலாம் என்பதும், காற்றுத் தாராளமாகச் செல்லும் என்பதும் இதன் சிறப்புகள். ஆனால் இத்தகைய வடிகட்டிகளுக்குச் சொல்லப்படும் திறன் பெரும்பாலும் 96 முதல் 99 சதவிகிதம் வரை. நல்ல தாள் வடிகட்டி 99ஐத் தாண்டுகிறது. தப்பும் தூசியைக் கணக்கிட்டால் இவ்வேறுபாடு சிறிதன்று. மேலும், எண்ணெயை மிகுதியாகப் பூசிவிட்டால் அது காற்றோடு சென்று, காற்றின் அளவை அறிவிக்கும் நுண்கருவியில் படியக்கூடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு ஏற்பச் செய்யப்பட்ட டீசல் வண்டிகள் பல, அக்கருவியையும் புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் அமைப்பையும் நம்பியே ஓடுகின்றன. அவை பழுதானால் செலவு சிறிதாக இராது. கல் பாவிய பந்தயத் தடத்துக்குப் பொருந்தியது களத்து மேட்டுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

'இதைப் போட்டால் சக்தி கூடும், மைலேஜ் கூடும்' என்று கடைக்காரர் சொல்லக்கூடும். டீசல் இயந்திரத்தில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே தெளிக்கப்படும் டீசலின் அளவு. சுத்தமான நல்ல வடிகட்டி ஏற்கெனவே இருக்கையில், அதற்குப் பதில் வேறொன்றை மாட்டுவதால் மட்டும் டீசல் கூடுதலாகத் தெளிக்கப்படுவதில்லை. மைலேஜைப் பற்றி அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கணினிக் கட்டுப்பாடுள்ள பெட்ரோல் கார்களில் வடிகட்டி அடைபட்டிருந்தபோதுகூட எண்ணெய்ச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேகமெடுப்பதில்தான் குறை தெரிந்தது. அது பெட்ரோல் கார்களைப் பற்றியது. டீசலுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என்றாலும், மைலேஜ் என்னும் சொல்லைக் கேட்டவுடன் பையை அவிழ்க்கலாகாது என்பதற்கு அது போதிய சான்று.

இனி நமது அனுபவத்தைச் சொல்லிவிடுகிறோம். சங்கத்து வண்டிக்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி, மிகக் குறைந்த விலை சொன்ன கடையில் வடிகட்டி வாங்குவது வழக்கமாக இருந்தது. தீர்மானத்தில் கையெழுத்திட்டவர்கள் நாமே. வண்டியோட்டித் தம்பி அவ்வடிகட்டியைப் பெரிதும் புகழ்ந்தார்: "இது அழுக்கே ஆவதில்லை, ஐயா, எத்தனை நாள் ஓடினாலும் அப்படியே வெள்ளையாக இருக்கிறது." நாமும் மகிழ்ந்தோம். பின்னர் வண்டி நீலப்புகை விடத் தொடங்கிற்று; இயந்திர எண்ணெய் வற்றிக்கொண்டே வந்தது. பட்டறையில் மெக்கானிக் வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயில் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் செம்மண். வடிகட்டியின் ஓரத்திலுள்ள ரப்பர் விளிம்பு இறுகிச் சுருங்கி, கூட்டோடு பொருந்தாமல் நின்றிருந்தது. காற்று தாளின் வழியே செல்லாமல், சுலபமான அந்த இடுக்கின் வழியே சென்றிருக்கிறது. வடிகட்டி வெள்ளையாகவே இருந்ததன் இரகசியம் அதுதான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்த தீர்மானத்துக்காகப் பல பதினாயிரம் ரூபாய் செலவழித்து இயந்திரத்தைப் பிரித்துக் கட்ட நேர்ந்தது. அது நடந்ததும் பருத்தி எடுக்கும் பருவத்தில். வாடகை வண்டிக்குக் கொடுத்த பணம் அவ்வாண்டு அங்கத்தினர்களின் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது விளிம்பு. விளிம்பு மென்மையாகவும், சுற்றிலும் ஒரே கனமாகவும், பிசிறின்றியும் இருக்க வேண்டும். கூட்டில் வைத்து மூடியைப் பூட்டும்போது எங்கும் தளர்ச்சி இருக்கலாகாது. 'ஏறக்குறையப் பொருந்துகிறது' என்பது பொருந்தவில்லை என்பதற்கு வேறு பெயர். அடுத்து, தாளின் பின்புறம் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்தால் ஊசித்துளையும் பசை விட்ட இடமும் தெரிந்துவிடும். மூன்றாவதாக, பெட்டியைப் படிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி, செய்தவர் பெயரும் முகவரியும், செய்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் கூற வேண்டிய முகவரியும் பெட்டியில் இருக்க வேண்டும். இவை இல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பில் இன்றி வாங்காதீர்கள். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியாயின், பாக எண் குறித்த பில்லே பின்னால் வாதாட உதவும் ஆயுதம்.

காரியதரிசிகள் ஓர் இடர்ப்பாட்டைச் சொல்வார்கள். அதில் நியாயம் இருக்கிறது. குறைந்த விலைப்புள்ளியை விட்டுக் கூடிய விலைக்கு வாங்கினால் தணிக்கையில் ஏன் என்று கேட்பார்கள். வாங்கியவர் மீது சந்தேகம் விழும். ஆனால் இக்கேடு குறைந்த விலையை ஏற்பதால் வருவதில்லை. கேட்கும் கடிதத்தில் 'வடிகட்டி ஒன்று' என்று மட்டும் எழுதுவதால் வருகிறது. நூல் வாங்கும்போது 'நூல் ஒரு சிப்பம்' என்று எழுதுகிறோமா? எத்தனையாம் நம்பர், சீவிய நூலா சாதாரண நூலா என்றெல்லாம் குறிக்கிறோம். அதன் பிறகு குறைந்த விலையை ஏற்பதில் தவறில்லை. ஏனெனில் அப்போது ஒப்பிடுவது ஒத்த சரக்கை. வடிகட்டிக்கும் அவ்வாறே பாக எண்ணையும், ஐ.எஸ்.ஓ. 5011 சோதனையில் 99 சதவிகிதத்துக்குக் குறையாத திறனையும், பொருந்தாவிடில் திரும்பப் பெறும் உறுதியையும் கடிதத்திலேயே எழுதிவிட்டால், தணிக்கையாளருக்கும் விடை கிடைக்கும், இயந்திரத்துக்கும் காவல் கிடைக்கும்.

இதைத் தனி ஒரு சங்கம் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். சுற்றுவட்டாரத்துச் சங்கங்கள் சேர்ந்து, தங்கள் வண்டிகளுக்கும் அங்கத்தினர்களின் சொந்த வண்டிகளுக்குமாக ஓராண்டுத் தேவையை ஒன்றாய்க் கேட்டால் எவரும் சிரிக்கமாட்டார். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரத்து நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் கூடிக் கடை வைத்தது எதற்காக? கலப்படமற்ற மாவையும் வெண்ணெயையும் நேர்மையான நிறையில் பெறுவதற்காக. அவ்வழியைப் பின்பற்றியே 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றிற்று. மாவில் கலப்படத்தைத் தனி மனிதன் கண்டறிய முடியாததைப் போலவே, மூடிய பெட்டிக்குள் இருக்கும் தாளின் தரத்தையும் தனி வண்டிக்காரன் கண்டறிய முடியாது. சேர்ந்து வாங்குவோர் சோதனை அறிக்கையைக் கேட்கலாம். வேண்டுமானால் ஒன்றை அறுத்தும் பார்க்கலாம். கூட்டுறவின் பயன் இதில் இல்லையெனில் வேறு எதில் இருக்கிறது?

நல்லதை வாங்கிய பின் அதைக் கெடுக்காமல் வைத்திருப்பதும் ஒரு பாதி வேலை. வாரந்தோறும் வடிகட்டியைக் கழற்றிக் கம்பிரசர் காற்றால் ஊதும் பழக்கம் நம் பட்டறைகளில் வேரூன்றியிருக்கிறது. அது அக்கறையால் செய்யும் தீங்கு. ஓரளவு தூசி படிந்த வடிகட்டி புதியதைவிட நன்றாகவே தூசியைப் பிடிக்கும். படிந்த தூசியே மேலும் ஒரு சல்லடையாக நிற்கிறது. வேகமான காற்றுத் தாளைக் கிழிக்கும். கிழிசல் கண்ணுக்குத் தெரியாது. திறக்கும்போதெல்லாம் சிறிது மண் சுத்தமான பக்கத்தில் விழவும் கூடும். தட்டி எடுப்பதற்காகத் தாளைத் தரையில் அடிப்பதும் அவ்வாறே தவறு. பஞ்சு படிந்திருந்தால் மேற்பரப்பிலிருந்து மென்மையாகக் கையால் எடுத்துவிடுவது போதும். கூட்டின் அடியில் தூசி வெளியேறும் ரப்பர் மூக்கு இருந்தால் அதை அவ்வப்போது அழுத்திவிட வேண்டும். அடைப்பைக் காட்டும் சிவப்புக் குறி உள்ள வண்டியில் குறி வந்த பிறகு மாற்றலாம்; இல்லாத வண்டியில் வண்டியின் கையேடு புழுதி மிகுந்த பாதைக்குச் சொல்லும் கெடுவைப் பின்பற்றலாம். இரட்டை வடிகட்டி உள்ள வண்டியில் உட்புறத்துச் சிறு வடிகட்டியை ஊதவோ கழுவவோ கூடாது, மாற்றுவதே முறை.

மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைத் துணித் துண்டால் வடிகட்டிக்கு அப்பாலுள்ள குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே வந்தால் நலம். மண் படிந்து வந்தால், எத்தனை நல்ல பெயர் பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், எங்கோ ஓர் இடுக்கு இருக்கிறது என்று பொருள். வடிகட்டி வெள்ளையாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்து ஏமாந்த நாம், துணி வெள்ளையாக இருப்பதைக் கண்டு மட்டுமே இனி மகிழ்வோம்.

பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு அன்றாடம் வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் அங்கத்தினர் ஒருவர், "உங்கள் சங்கத்துக்குச் சரி, கையில் இருநூறு ரூபாய் இருக்கும் எனக்கு எது கிடைக்குமோ அதுதான் வடிகட்டி" என்று கூறினால் அவரைக் குறை கூற எமக்கு மனம் வராது. இயந்திரம் போனால் மீள முடியாதவரும் அவரே. நல்ல வடிகட்டியைச் சங்கமே மொத்தமாக வாங்கி, அவருக்கு அடக்க விலையில் தவணையில் கொடுப்பதற்கு விதி ஏதும் தடையாக இருந்தால் அதைத் திருத்துவோம். தடை இல்லையெனில் இன்னும் ஏன் காத்திருக்கிறோம் என்பதை நிர்வாகக் குழுவினர் சொல்லட்டும்.

வரும் பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்து அங்கத்தினரும் எழுதிக் கொடுக்க வேண்டுகிறோம். சிறிய விஷயந்தான். ஆனால் சங்கத்தின் பணம் பெரிய பள்ளத்தில் விழுந்து அழிவதைவிட இத்தகைய சிறிய இடுக்குகளின் வழியே கசிந்து போவதே மிகுதி என்பது எமது நெடுநாள் அனுபவம்.